வலப்பக்க விசையைப் பிடித்துக்கொண்ட அக்காவுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கையில் வைத்திருந்த கம்பிகளை எடுத்துவிட்டார்கள். வலது கையின் ஐந்து விரல்களும் அசைகின்றன. கட்டைவிரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. கேட்கும், பொறுத்திருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில், கூப்பிட்டதும் ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர்களுக்கு. முறை வைத்து இரவில் என் படுக்கைக்கு அருகே தரையில் படுத்துக்கிடந்த நண்பர்களுக்கு. வீட்டையும் அம்மாவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட தங்கைக்கு. என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத அலுவலகத் தோழர்களுக்கு. வலியில் நான் கத்தியபோதெல்லாம் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கு. ஒற்றைக் கையால் ஆடக்கூடிய வீடியோ கேம்கள் எவை என்று தேடித் தேடி எனக்கு அனுப்பிய முகம் தெரியாத பலருக்கு. நீங்கள் சொன்ன ‘ஸ்லே தி ஸ்பையர்’, ‘இன்டு தி பிரீச்’ இரண்டையும் இடது கையில் மவுஸைப் பிடித்தே ஆட முடிந்தது. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு, நீ நிதானமாக யோசி என்று காத்திருக்கும் கேம்கள் அவை. அவசரம் என்றாலே உடம்பு நடுங்கிய அந்த நாட்களில் அந்தப் பொறுமை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற கேம் ஆடும் கைக்கருவியை, தன் வீட்டிலிருந்து பெங்களூரு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய நண்பருக்குத் தனி நன்றி. உள்ளங்கையால் அழுத்தக்கூடிய இரண்டு பெரிய பொத்தான்கள், வேண்டிய சுவிட்சுகளை இணைத்துக்கொள்ளப் பின்புறத்தில் 19 துளைகள் என்று அது இப்போது என் மேசையில் இருக்கிறது. இன்னும் நெடுநாள் இருக்கும்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது முக்கியமாக ஒருவருக்காக. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார்.

கையைப் பார்த்த முதல் இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு எக்காலத்துக்கும் பிடித்த கேம்களை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்ட்ரா: குதிப்பதும் சுடுவதும் வலது கட்டைவிரல். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: அம்புக்குறி விசைகள் முழுவதும் வலது கை. கணினி வகுப்பில் அந்த இளவரசன் பள்ளத்தின் விளிம்பைப் பற்றித் தொங்கியபோது கூட்டமாக நின்று கத்தியிருக்கிறோம். ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் அந்த அசைவுகளை வரைந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. 1989இல் வெளிவந்த கேமில் ஓர் உயிருள்ள உடம்பின் கனம் தெரிவதற்கு அதுவே காரணம். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், 2005: பதினாறு ராட்சத உருவங்களின் உடம்பில் ஏறி, அவை உதறும்போது ரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்க வேண்டும். வலது ஆள்காட்டி விரல் விசையை அழுத்தியிருக்கும் வரைதான் பிடி. விரலை எடுத்தால் கீழே விழ வேண்டியதுதான். உலகத்தில் எனக்கு மிகப் பிடித்த கேம் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிவந்தேன். அந்த ஆள்காட்டி விரலைத்தான் அன்றிரவு கட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

வலி சற்று அடங்கியதும் தங்கையிடம் கேட்டு மடிக்கணினியையும் பழைய கன்ட்ரோலரையும் வரவழைத்தேன். ஆட முடியாது என்று தெரியும். கையில் பிடித்துப் பார்க்கவேனும் வேண்டும் என்றிருந்தது. மடிக்கணினியில் ஏற்கெனவே இருந்தது ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. லெபனானில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த திரைப்பட இயக்குநர் ஜோசப் ஃபாரெஸ், ஸ்டார்பிரீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2013இல் கொண்டுவந்தது. என் பட்டியலில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. அந்தக் கேமில் ஒரே ஆள் அண்ணன் தம்பி இருவரையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கும் (கட்டைவிரலால் சாய்த்து ஆளை நடத்தும் குமிழ்) இடது விசையும் அண்ணன். வலது ஸ்டிக்கும் வலது விசையும் தம்பி. என் இடது கையால் அண்ணனை நடத்தினேன். தம்பி நின்ற இடத்திலேயே நின்றான்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். கூட இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி. மதுரையில் பூக்கட்டி விற்பவர். வார்டில் அவருக்குப் பூவும் இல்லை, நாரும் இல்லை. சும்மா இருக்க அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார். அன்று பிற்பகல் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“அந்தச் சின்னவன் ஏன் வரமாட்டேன் என்கிறான், தம்பி?”

சொன்னேன். அவன் என் வலது கையில் இருக்கிறான் என்றேன். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “அவனை நான் கூட்டிவருகிறேன், காட்டுங்கள்” என்றார்.

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேசையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கன்ட்ரோலரை வைத்தோம். இடது பாதியை நான் பிடித்தேன், வலது பாதியை அவர் பிடித்தார். முதலில் தம்பி சுவரில் முட்டினான், வேலியில் முட்டினான். அடுத்த நாள் அப்படியில்லை. வாழைநாரை இழுத்து முடிச்சுக்குள் பூவை வைக்கும் விரல்கள் அவை. அழுத்த வேண்டியது எப்போது, விட வேண்டியது எப்போது என்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோட்டைச் சுவரில் அண்ணனும் தம்பியும் ஒரே கயிற்றில் பிணைந்து, ஒருவன் பற்றிக்கொள்ள மற்றவன் ஊசலாடிக் கடக்கும் இடம் ஒன்று உண்டு. தனியாக ஆடியபோது நான் பலமுறை தவறவிட்ட இடம். “நான் பிடித்துக்கொண்டேன், நீங்கள் போங்கள்” என்று அவர் சொல்வார், நான் போவேன். “இப்போது நீங்கள் பிடியுங்கள்” என்பார். ஒரு முறைகூட விழவில்லை.

அந்தக் கேமில் யாரும் எந்த உலக மொழியிலும் பேசுவதில்லை. கதைமாந்தர் பேசுவது இட்டுக்கட்டிய ஒரு மொழி. ஆங்கிலம் படித்தவருக்கு ஒரு புரிதல், படிக்காதவருக்கு வேறொன்று என்பதற்கு அங்கே இடமே இல்லை. தொடக்கத்தில் நோயாளித் தந்தையை இரு பிள்ளைகளும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வைத்தியரிடம் போகிறார்கள். வைத்தியர் எதையோ காட்டி எங்கேயோ போகச் சொல்கிறார். “அப்பாவுக்கு மருந்து எடுத்துவரத்தானே?” என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திரும்பித் தன் கணவரின் சொட்டு மருந்துக் குழாயை ஒரு முறை பார்த்துவிட்டு, “சரி, போவோம்” என்றார். அதற்குப் பிறகு பெரியவருக்கு மாத்திரை கொடுத்து அவர் கண்ணயர்ந்ததும், நான் கூப்பிடாமலே ஸ்டூல் வந்துவிடும். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வோம். பணியில் இருந்த செவிலியர் ஒருவரும் அவ்வப்போது பின்னால் வந்து நின்று பார்த்தார். தடுக்கவில்லை, அவருக்கும் நன்றி.

இனி எழுதப்போவது கேமின் முடிவு. ஆடாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

அண்ணன் இறந்துபோகிறான். அவனைக் குழிக்குள் இழுத்துக் கிடத்தி மண் தள்ள வேண்டியவன் தம்பி. அதைக் கேம் தானாகச் செய்து காட்டாது, ஆடுபவர்தான் செய்ய வேண்டும். என் பாதி கன்ட்ரோலருக்கு அங்கே வேலை இல்லை. அக்காவிடம் இதோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். பக்கத்தில் கணவர் அந்த நிலையில் படுத்திருக்கும்போது அவர் கையால் இதைச் செய்யவைப்பது எனக்குத் தாங்கவில்லை. அவர் தலையசைத்து மறுத்தார். “பாதியில் விடக்கூடாது” என்று சொல்லிவிட்டு, ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி மண்ணை மூடினார். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

பிறகு மருந்தோடு தம்பி ஊர்க்கரைக்குத் திரும்புகிறான். குறுக்கே தண்ணீர். தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணால் பார்த்தவன், அதனால் நீச்சல் பயம். அதுவரை நீர்நிலை வரும் இடமெல்லாம் அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடந்திருக்கிறான். அக்கா தன் பக்கத்து ஸ்டிக்கை எவ்வளவு தள்ளியும் அவன் நீரில் இறங்கவில்லை. எனக்கு வழி தெரியும். முன்பு ஆடியிருக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை. அக்கா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, பெரியவன் உங்களிடம்தானே இருக்கிறான்? உங்கள் பக்கத்தை அழுத்திப் பாருங்கள்” என்றார். அழுத்தினேன். செத்துப்போன அண்ணனின் விசை. தம்பி நீரில் இறங்கி நீந்தினான். தனியாக ஆடிய நாளில் இந்த இடத்தில் நான் அழுதது உண்மைதான். ஆனால் அப்போது இரண்டு விரல்களும் என்னுடையவை. இந்த முறை, அத்தனை நாளாக எதற்குமே உதவாதவன் என்று படுத்துக்கிடந்த என்னிடம் ஒருவர் உதவி கேட்டிருந்தார். என் ஒரு விரலால் அவருடைய பிள்ளை கரை சேர்ந்தான்.

மறுநாள் காலையில்தான் இயன்முறைப் பயிற்சிக்கு (பிசியோதெரபி) முதன்முறையாக நானாகப் போனேன். அதற்கு முன் இரண்டு பேர் பிடித்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. இதைவிட விளக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு கேமை மேன்மையானது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று இப்போது நிறைய யோசிக்கிறேன். காட்சியழகு, கதை, சவால் என்று அளந்து நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த அளவுகள் இனியும் வேண்டும். ஆனால் உடம்பு ஒத்துழைக்காத ஒருவரையும், ஆங்கிலம் வாசிக்காத ஒருவரையும், வாழ்நாளில் கன்ட்ரோலரையே தொடாத ஒருவரையும் ஒரு கேம் எப்படி வரவேற்கிறது என்பதை நான் இதுவரை ஒரு அளவாக வைத்ததில்லை. ‘செலஸ்ட்’ 2018இல் உதவி முறை என்று ஒன்றைத் தந்தது. அதில் கேமின் வேகத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ மாற்றுத்திறனாளிகளும் ஆடுவதற்கான 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு 2020இல் வந்தது. இவற்றையெல்லாம் செய்திகளாகப் படித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்த வசதிகளுக்காக உட்கார்ந்து உழைத்த, எனக்குப் பெயர் தெரியாத நிரலாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் இந்த மடலில் என் வணக்கம்.

இனி நான் எழுதும் ஒவ்வொரு கேம் அறிமுகத்திலும் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும்: ஒற்றைக் கையால் ஆட முடியுமா, பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ளலாமா, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா. கை முழுவதும் குணமான பிறகும் இது மாறாது.

எக்காலத்துக்கும் பிடித்த பத்து கேம்கள் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர்களுக்கு: மற்ற ஒன்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். முதலிடத்தில் ‘பிரதர்ஸ்’.

அக்கா, இதை உங்கள் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஐயா நன்றாக நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன், மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரும் அன்றே எனக்கும் நாள் குறித்திருக்கிறார்கள். அதே ஜோசப் ஃபாரெஸ் 2021இல் இன்னொரு கேம் கொண்டுவந்திருக்கிறார், ‘இட் டேக்ஸ் டூ’. அதை ஒருவர் தனியாகத் தொடங்கவே முடியாது, இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். மடிக்கணினியோடு இரண்டு கன்ட்ரோலர்களையும் எடுத்து வருகிறேன். காத்திருக்கும் நேரத்தில் ஆடிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துப் படுக்கைத் தம்பி