செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26: அலெக் கின்னஸ் ஆண்டு

நம் திரைப்படச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான விவரங்கள். செயற்குழு விதிப்படி கூடியது. புரொஜெக்டர் பழுது பார்க்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கான குறும்பட மாலை நல்லபடியாக நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம். நூலகத்துக்குச் சில புத்தகங்கள் நன்கொடையாக வந்தன.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ் 2000 ஆகஸ்ட் 5 அன்று காலமானார். 25 ஆண்டு நிறைவை ஒட்டி அவர் படங்களைக் கால வரிசையில் திரையிடலாம் என்று நான் முன்வைத்த திட்டத்தைச் சென்ற பொதுக்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. கைதட்டியவர்களில் பலரை அதன்பிறகு அரங்கில் பார்க்க முடியவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். “ஒரே நடிகருக்கு ஒரு வருஷமா?” என்று நேரிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முழுப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கின்னஸ் 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லை. தந்தை யார் என்ற கேள்விக்குக் கடைசிவரை அவருக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. பள்ளி முடித்ததும் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலை பார்த்தார். நாடகப் பயிற்சிக்குக் கையில் காசில்லை, உதவித்தொகையில்தான் படித்தார். 1934இல் புகழ்பெற்ற நாடக நடிகர் ஜான் கில்குட் தன் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுத்தார். நான்கே ஆண்டில் லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் கின்னஸே ஹாம்லெட் ஆனார். போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்து, 1943 சிசிலிப் படையெடுப்பில் தரையிறங்கு கலம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். திரைப்படத்தில் அவர் நிலைபெற்றது இதற்கெல்லாம் பிறகுதான்.

டேவிட் லீன் இயக்கிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1946), ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1948) இரண்டிலும் தொடங்கினோம். முதல் படத்தில் சிரித்த முகத்துடன் வரும் இளைஞர், அடுத்ததில் ஃபேகின் என்ற கிழட்டுத் திருடனாக வருகிறார். இந்த வேடம் அவருக்குப் பொருந்துமா என்று லீனுக்கே சந்தேகம் இருந்தது. ஒப்பனை போட்டு வந்து சோதனைக் காட்சியில் நின்ற பிறகுதான் சம்மதித்தார். ஃபேகின் ஒரு யூதர். ஒப்பனையில் ஒட்டிய அந்தப் பெரிய மூக்கு யூதர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் 1951இல்தான், அதுவும் வெட்டப்பட்டு, படம் வெளியானது. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. நடிப்பு பெரியது என்பதும் என் கருத்து. இரண்டையும் வைத்து அன்று நடந்த விவாதம் இந்த ஆண்டிலேயே சிறந்தது. வந்தவர்கள் குறைவு, ஆனால் இரவு அரங்கைப் பூட்டும்வரை பேசினார்கள்.

அடுத்து ஈலிங் ஸ்டுடியோவின் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ (1949). ஒரே குடும்பத்தில் எட்டுப் பேராக அவரே நடித்தார்: பாதிரியார், கடற்படைத் தளபதி, பலூனில் பறக்கும் லேடி அகதா என்று. அவர்களில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரியும் தேவாலயக் காட்சி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஓர் இடத்தை மட்டும் திறந்து மற்றதை மறைத்து ஒருவரைப் படமாக்கினார். ஃபிலிமைப் பின்னால் சுற்றிவிட்டு, அடுத்தவரின் ஒப்பனை முடிந்ததும் அதே சுருளில் மறுபடி எடுத்தார். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் வீண். ஆனால் வேடங்களின் எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. குரலை உயர்த்தாமல், கழுத்து நிற்கும் விதத்திலும் பார்வை திரும்பும் வேகத்திலும் அவர் ஆளை மாற்றுகிறார். இதைப் பெரிய திரையில், பக்கத்தில் நாலு பேர் சிரிக்கும்போது பார்க்க வேண்டும். வீட்டில் செல்பேசியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன உறுப்பினர்களுக்கு என் பதில் இதுதான்.

‘தி லேவண்டர் ஹில் மாப்’, ‘தி லேடிகில்லர்ஸ்’ இரண்டும் திட்டப்படி காட்டப்பட்டன.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) படத்துக்கு ஓரளவு கூட்டம் வந்தது. கதை தாய்லாந்தில் நடந்தாலும் பாலத்தைக் கட்டியது இலங்கையின் கிதுல்கலவில், களனி ஆற்றின் மேல். ஜப்பானியரிடம் போர்க்கைதியான பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சனாக அவர் நடித்தார். அந்தப் பாத்திரத்தை எப்படிச் செய்வது என்பதில், இதையும் இயக்கிய லீனுக்கும் கின்னஸுக்கும் ஓயாத சண்டை. தகரக் கொட்டடியில் வதைபட்டு வெளியே வரும் கர்னல், விழாமல் நடக்கப் பாடுபடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். போலியோவிலிருந்து மீண்டுவந்த தன் மகன் மேத்யூ நடந்த நடையைத்தான் அங்கே கொண்டுவந்தார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) அன்று மட்டும் அரங்கு நிறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வசனங்கள் கின்னஸுக்கே பிடிக்கவில்லை. லாபத்தில் வாங்கிய பங்குதான் அவருடைய முதுமைக்குப் பணக் கவலை இல்லாமல் செய்தது. முந்தைய படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அதில் அவர் ஏற்ற முதிய வீரர் ஓபி-வான் கெனோபியின் அமைதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும்.

‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) படத்தில் நம் நீலகிரி மலை ரயிலைப் பார்த்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் அவர் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக வருகிறார். முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி ஆங்கிலேயர் ஒருவரை இந்தியராக்கியது தவறு. இத்தனை நாள் அவரைப் புகழ்ந்த நானே அன்று எழுந்து அதைச் சொன்னேன். அவர் பாடுபட்டுப் பயின்ற நடனத்தையும் இதன் இயக்குநரான லீன் பெரும்பாலும் வெட்டிவிட்டார்.

ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் குறிப்பு எழுதி ஜெராக்ஸ் எடுத்து நாற்காலிதோறும் வைத்தேன். மீந்த பிரதிகள் கட்டுக்கட்டாக நூலகத்தில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு வரவைவிடச் சற்றுக் கூடுதல். அரங்க வாடகையும் திரையிடல் உரிமையும் ஏறியதே முக்கியக் காரணம். சந்தா நிலுவை இன்னொரு காரணம். செயற்குழுவில் இருப்பவர்களும் நிலுவை வைத்திருக்கிறார்கள். பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. முழுக் கணக்கு பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது.

தலைவர், பொருளாளர், அரங்கப் பணியாளர்கள், தேநீர் கொடுத்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. கின்னஸ் ஒற்றர் ஜார்ஜ் ஸ்மைலியாக நடித்த பிபிசி தொடர்கள் இரண்டு: 1979இல் ஏழு பாகம், 1982இல் ஆறு பாகம். அவர் செய்ததிலேயே உச்சம் அவைதான் என்று நம்புகிறேன். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதிலேயே ஒரு மனிதனின் தோல்வியைக் காட்டுவார். மாதம் ஒரு மாலை வைத்தால் முடியும். ஆனால் இன்றைய நிலையில் ஜூனுக்குப் பிறகு அரங்கத்தைப் பிடித்து வைக்க நம்மிடம் பணமில்லை. வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் வழிவிடத் தயாராக இருக்கிறேன். நான் தொடர வேண்டும் என்று பொதுக்குழு விரும்பினால், நிலுவைச் சந்தாவை இம்மாத இறுதிக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்