ஸ்லேடை ஒரே பாட்டோடு முடித்துவிடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. இங்கே சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

ஜிகினா உடையும் ஒப்பனையுமாக எழுபதுகளில் பிரிட்டனைக் கலக்கிய கிளாம் ராக் இசை பற்றி எழுதிய இடத்தில் பாடகர்கள் டேவிட் போவியையும் மார்க் போலனையும் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, ஸ்லேட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை மட்டும் 'கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டி' என்று ஒதுக்கிவிட்டாயே! அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இன்று அவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

குழுவின் பாடகர் நாடி ஹோல்டரின் அப்பா இங்கிலாந்தின் வால்சாலில் ஜன்னல் கண்ணாடி துடைப்பவர். ஜிம் லீ, டேவ் ஹில், டான் பவல் ஆகிய மற்ற மூவரும் அதே தொழிற்பேட்டை வட்டாரத்தில் வளர்ந்தவர்கள்தான். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை உலகுக்குக் காட்டிய சாஸ் சாண்ட்லர் இவர்களுக்கு மேனேஜரானார். முதலில் மொட்டைத் தலையும் பூட்ஸுமாக நிறுத்திப் பார்த்தார், எடுபடவில்லை. முடி வளர்ந்தது, உடையில் ஜிகினா ஏறியது. 1971இல் ஜிம் லீயின் வயலினோடு வந்த 'காஸ் ஐ லவ் யூ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து 1973 முடிவதற்குள் ஆறு பாடல்கள் முதலிடம். அவற்றில் மூன்று, வெளிவந்த வாரத்திலேயே நேராக உச்சியில் போய் உட்கார்ந்தவை.

ஹோல்டரின் தொப்பியை நினைத்துப் பார். உயரமான கறுப்புத் தொப்பி, அதைச் சுற்றி வட்ட வட்டக் கண்ணாடிகள். அரங்கின் விளக்குகளை அணைத்து ஒற்றை ஒளியை அதன் மேல் பாய்ச்சினால், அவர் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் சிதறிக் கடைசி வரிசைக்காரன் முகத்திலும் விழும். போவி வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்போல மேடையில் நின்றார். ஸ்லேடுக்குக் கூட்டமும் கச்சேரியில் பாதி. கால்களைத் தரையில் உதைத்து, கை தட்டி, தொண்டை கிழியச் சேர்ந்து பாடுவதற்கென்றே அந்தப் பல்லவிகளைக் கட்டினார்கள். அவர்களை நான் இவ்வளவு நேசிப்பது இதற்காகத்தான்.

அந்த உச்சத்தில்தான் இடி விழுந்தது. 1973 ஜூலையில் வுல்வர்ஹாம்ப்டனில் நடந்த கார் விபத்தில் டிரம்ஸ் வாசிக்கும் டான் பவலின் காதலி இறந்துபோனார். பவல் நினைவிழந்து கிடந்து பிழைத்தார். நுகர்வும் சுவையும் போயின. அண்மை நினைவுகள் தங்கவில்லை. தாமே வாசித்த பாட்டு எப்படித் தொடங்கும் என்பதைக்கூட மற்றவர்கள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. அன்றாடம் நடப்பதை டைரியில் எழுதி வைக்கத் தொடங்கினார். சில வாரங்களில் டிரம்ஸுக்குத் திரும்பியும் விட்டார்.

நீ சொல்லும் கிறிஸ்துமஸ் பாட்டு, 'மெரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி', அந்த நிலைமையில் உருவானதுதான். நியூயார்க்கில் கொளுத்தும் வெயிலில் பதிவு செய்தார்கள். எதிரொலி வேண்டும் என்பதற்காக ஸ்டூடியோவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று பல்லவியைப் பாடினார்கள். எண்ணெய் நெருக்கடியும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமுமாகப் பிரிட்டன் சோர்ந்திருந்த அந்த டிசம்பரில், நாளை நல்லதாக விடியும் என்று அது சொன்னது. இன்றும் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. அது மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்காவில் அலைந்தும் பலனில்லை. ஊர் திரும்பியபோது பிரிட்டனில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை. 1980இல் இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவிலிருந்து ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் விலகியதால் ஸ்லேடுக்குக் கடைசி நேரத்தில் அழைப்பு வந்தது. விலகிப்போக முடிவெடுத்திருந்த டேவ் ஹில்லைச் சாண்ட்லர் பேசிச் சம்மதிக்க வைத்தார். அன்று மேடையேறி அத்தனை பேரையும் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள். இரண்டாம் வாழ்வு அங்கே தொடங்கியது.

தொடக்க காலத்தில் ஸ்லேடைப் பார்த்துத்தான் வழி கண்டுகொண்டதாகக் கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜீன் சிம்மன்ஸே சொல்லியிருக்கிறார். ஸ்லேடின் 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பாட்டைக் குவயட் ரயட் என்ற அமெரிக்கக் குழு 1983இல் பாடி அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை கொண்டுபோனது. ஸ்லேடுக்குக் கிடைக்காத அமெரிக்கா அவர்கள் பாட்டுக்குக் கிடைத்தது. 1996இல் ஓயசிஸ் என்ற பிரிட்டிஷ் குழுவும் அதைப் பாடியது.

நீ முதலில் 'ஸ்லேட் அலைவ்!' கேள். 1971 அக்டோபரில் லண்டன் பிக்காடிலியில், ரசிகர்களை எதிரே வைத்துக்கொண்டு பதிவு செய்த ஆல்பம். மென்மையான ஒரு பாட்டின் நடுவில் ஹோல்டர் ஏப்பம் விடுகிறார், அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு, எந்தப் பாட்டு பிடித்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்