இல்லாத மாடிக்கு வரி: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுக்கு முதல் மாடி இருக்கிற விஷயம் 2025 ஜூனில்தான் எங்களுக்கே தெரிந்தது. நீங்கள் அனுப்பிய சொத்து வரி நோட்டீசில் போட்டிருந்தது: தரைத்தளம் 580 சதுர அடி, முதல் தளம் 540 சதுர அடி, மொத்தம் 1,120. வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது. அவருக்கு வயது 79. நோட்டீசைப் படித்துக் காட்டியதும் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, "எப்படா கட்டினோம்?" என்றார்.

மேலே இருப்பது தகர ஷெட். எங்களுடையது மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. 2021 நவம்பர் மழையில் கூடத்திலும் சமையலறையிலும் ஒழுகி, மூன்று இரவு அம்மா கட்டிலை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்திருந்தார். தளத்தைப் பிரித்துப் போட வசதியில்லை. அவருடைய இரண்டு வளையலை அடகு வைத்து அந்த டிசம்பரில் ஷீட் போட்டோம். எட்டு இரும்புக் குழாய், மேலே தகரம், அவ்வளவுதான். சுவர் கிடையாது, படிக்கட்டும் கிடையாது, இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். ஓரத்தில் நாலடி உயரம், நடுவில் ஐந்தரை. நான் நிமிர்ந்தால் தலை இடிக்கும். துணி காயப்போடுவதும், சித்திரையில் வத்தலை வெயிலில் வைத்து மாலையில் ஷெட்டுக்குள் இழுத்துவிடுவதும்தான் அங்கே நடக்கிற குடித்தனம்.

ட்ரோன் படத்தை வைத்துக் கணக்கெடுத்ததாகச் சொன்னார்கள். மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். கூரைக்கு அடியில் சுவர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு ஆள் வர வேண்டும், கையில் டேப் வேண்டும். எங்கள் வீட்டுக்குள் இதுவரை அப்படி யாரும் காலடி வைக்கவில்லை. ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: வந்து அளந்து பாருங்கள்.

வரி உயர்வைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. 2018இல் ஏற்றியபோது எதிர்த்தவர்கள் 2022இல் ஏற்றினார்கள். 2018இல் ஏற்றியவர்கள் 2022இல் தெருவில் இறங்கினார்கள். அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 2022 ஏப்ரல் சீராய்வில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம் என்றீர்கள். 412 ரூபாயாக இருந்த அரையாண்டு வரி 515 ஆனது, கட்டினோம். பிறகு 2024 அக்டோபரில் 6 சதவீதம் ஏறி 546 ஆனது, அதையும் கட்டினோம். 2025 ஏப்ரலில் 12ஆம் தேதியே போய்க் கட்டி, சீக்கிரம் கட்டுவோருக்கான 5 சதவீத ஊக்கத்தொகையாக 27 ரூபாய் வாங்கினோம். அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை.

இப்போது அந்தத் தகரம் எங்களை 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான 50 சதவீதப் பிரிவுக்குத் தூக்கிவிட்டது. அரையாண்டுக்கு 1,265 ரூபாய். அதோடு 2022இலிருந்து ஆறு அரையாண்டுக்கு 4,109 ரூபாய் நிலுவை. ஊக்கத்தொகை கொடுத்த கையாலேயே எங்களை நிலுவைதாரர் பட்டியலிலும் சேர்த்துவிட்டீர்கள்.

நோட்டீஸ் வந்த நாலாம் நாளே மனு கொடுத்தேன். மூன்று தடவை அலைந்த பிறகு, உரிமையாளர் நேரில் வந்தால்தான் மனுவை எடுப்போம் என்றார்கள். வருவாய்ப் பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட்டில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மடங்காது. எதிர்த்த டீக்கடைப் பையன்கள் இருவர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வழியெல்லாம் அம்மா ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் மறு கையால் புடவைத் தலைப்பையும் பிடித்தபடியே வந்தார். கூச்சத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருக்கையில் இருந்த தம்பி நல்ல பையன். எழுந்து நின்றுதான் பேசினார். "சிஸ்டத்துல மாடின்னுதாம்மா காட்டுது" என்றார். அம்மா கேட்டார்: "தம்பி, மாடி இருந்தா வாடகைக்கு விட்டிருக்க மாட்டேனா? வளையலை மீட்டிருக்க மாட்டேனா?" அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. நேரில் வந்து பார்க்க ஆள் பற்றாக்குறை, வரும்போது சொல்கிறோம் என்றார். மேல்முறையீடு செய்யலாமா என்று நான் கேட்டேன். கேட்ட தொகையை முதலில் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அப்படியே நாற்காலியில் இறங்கினோம். இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஆள் வரவில்லை, குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்கிற இரண்டாவது நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் வாசலில்தான் நின்றார், ஐயா. தலையைத் தூக்கியிருந்தால் ஷெட் தெரிந்திருக்கும்.

ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் தெருமுனைக் கட்டடத்துக்கும் கூரை ஒன்றுதான். ஆனால் அதற்கு அடியில் நாலு தளம், கீழே கடைகள், மேலே தங்கும் அறைகள். அதை அந்த ட்ரோன் என்னவென்று எழுதிக்கொண்டது? பாதாளச் சாக்கடைக்கு வெட்டி, மூடாமல் போட்ட பள்ளம் எங்கள் தெரு நீளத்துக்கும் கிடக்கிறதே, அதுவாவது படத்தில் விழுந்ததா? விழுந்திருந்தால் அதன் சதுர அடியை யார் கணக்கில் சேர்த்தீர்கள்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது அதுவல்ல. எங்களுக்குச் சலுகை வேண்டாம். 580 சதுர அடிக்கு எவ்வளவு வருமோ அதை முதல் வாரத்திலேயே கட்டுவோம். அளந்து பார்க்கும்வரை நிலுவை வசூலையும் துண்டிப்பு நடவடிக்கையையும் நிறுத்தி வைக்க உத்தரவிடுங்கள். ஒரு ஆளை டேப்போடு அனுப்பி வையுங்கள். வந்து அளந்து பாருங்கள். விடுமுறை நாளானாலும் சரி, முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டியதில்லை, அம்மா எப்போதும் வீட்டில்தான் இருக்கிறார். ஏணியில் மூன்றாவது படி கொஞ்சம் ஆடும். வருபவர் ஏறும்போது நான் கீழே பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் மட்டும் குடியிருக்கும்
ஒரு வரி செலுத்துவோரின் மகன்