ஒரு சென்டுக்கும் குறைந்த மனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சனிக்கிழமை வீட்டுமனை இணைப்பில் கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாரிசில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியரிடம் பணியாற்றியது, பெங்களூரு ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்வி நிறுவன வளாகம், 2018இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை, எல்லாம் இருந்தன. அவர் கட்டடக்கலை கற்பித்த ஓர் ஆசிரியர் என்பதும், மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் அவர் வடிவமைத்த அரண்யா என்றொரு குடியிருப்பு இருப்பதும் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குடியிருப்பின் சந்துகளில் மூன்று ஆண்டுகள் நடந்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1990களின் தொடக்கத்தில் வங்கிப் பணி என்னைத் தென்காசியிலிருந்து இந்தூருக்குக் கொண்டுபோனது. சிறுகடன் கேட்பவர்களின் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அரண்யாவில் ஏழைகளுக்கு ஒதுக்கிய மனை 35 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு சென்டுக்கும் குறைவு. அதில் அடித்தளம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மிஞ்சினால் ஓர் அறை. மற்றதைக் கையில் காசு சேரச் சேரக் குடியிருப்பவரே கட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழை என்றால் அரைகுறை வீடா?

என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு தையல்காரப் பெண்மணி. வாசல் ஓட்லாவில் (நம் திண்ணைதான்) மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நான் போன முதல் ஆண்டு அவருக்கு ஓர் அறைதான். அடுத்த ஆண்டு பின்னால் சமையலறை எழும்பியிருந்தது. மூன்றாம் ஆண்டு, வெளிப்படிக்கட்டு வைத்து மாடியில் மகனுக்கு ஓர் அறை எடுக்கக் கடன் கேட்டு வந்தார். படிக்கட்டு எங்கே வர வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர் எனக்கு விளக்கினார். கட்டி முடித்த வீட்டின் சாவியை வாங்கியிருந்தால் அந்தப் பேச்சு அவரிடமிருந்து வந்திருக்குமா?

தோஷியின் குழு மாதிரிக்கு 80 வீடுகளைக் கட்டிக் காட்டியது; அதன்படியே கட்ட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திட்டம் போடும் முன் இந்தூரின் குடிசைப் பகுதிகளில், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, மக்கள் வாசலையும் தெருவையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்து வரைந்திருக்கிறார்கள். இதைத்தான் நான் ஆசிரியர் வேலை என்கிறேன். 1995இல் அரண்யாவுக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தபோது நான் மாற்றலாகிவிட்டேன். 2018இல் பிரிட்ஸ்கர் குழு வெளியிட்ட குறிப்பின்படி அங்கே 6,500க்கும் மேற்பட்ட வீடுகள், 80,000க்கும் மேற்பட்ட மக்கள்.

அவர் 1962இல் அகமதாபாத்தில் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியையும் ஒருமுறை பார்த்தேன். அதே ஊரின் மணிநகரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருநாள் வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்தேன். செங்கல் சுவர்கள் தாங்கும் கட்டடத்துக்கு அடியில் திறந்த நிழல். அகலமான படிகளில் மாணவர்கள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கே வகுப்பு முடிகிறது, எங்கே வெளி தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே வடக்குப் பக்கத்து வெளிச்சம். புனேயில் மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்த தோஷி, 2023 ஜனவரியில் 95 வயதில் மறையும்வரை அகமதாபாத்தில்தான் வாழ்ந்தார். 1972இல் நகரத் திட்டமிடலுக்கும் அங்கே ஒரு பள்ளி சேர்ந்தது.

என் தங்கை பேத்தி கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறாள். தோஷி வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொல்கிறாள். அரண்யாவை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பின் கடைசிப் பக்கத்தில் வாரந்தோறும் 1,200 சதுர அடி, 2,400 சதுர அடி வீட்டு வரைபடங்களை வெளியிடுகிறீர்கள். ஒரே ஒரு வாரம் அந்த இடத்தில் அரண்யாவின் 35 சதுர மீட்டர் மனையை வெளியிடுங்கள்: முதல் நாள் இருந்தபடி ஒரு படம், குடும்பம் வளர்ந்த பிறகு ஒரு படம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
தென்காசி.