பொறிப்பெட்டி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நியூசிலாந்து கட்டுரை, கோஸ்டா ரிக்கா, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து நாடுகளோடு அந்நாடு 2024 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்ட பருவநிலை வணிக ஒப்பந்தத்தையும், எலி, ஸ்டோட், போசம் (மரமேறும் பைப்பாலூட்டி) முதலியவற்றை 2050க்குள் ஒழிக்கும் திட்டத்தையும் ஒரே மூச்சில் பாராட்டியிருந்தது. ஒப்பந்தம் பற்றிய பகுதி சரி: 300க்கும் மேற்பட்ட பொருள்களுக்குச் சுங்கவரி நீக்கம், நிலக்கரி, எண்ணெய் மானியங்களுக்குக் கடிவாளம். ஆனால் பறவைகளைக் காக்க ஊரெங்கும் பொறி வைத்தாலே போதும் என்று முடித்திருப்பது தவறு.

ஸ்டோட் என்பது கீரி போல மெலிந்த சிறு வேட்டை விலங்கு. முயல்களை அடக்க 1880களில் கொண்டுவந்து விட்டார்கள். அது பறவைக் கூடுகளுக்கும் போனது. அதைப் பிடிக்க, மரப்பெட்டிக்குள் விசைப்பொறி வைக்கிறார்கள். நுழைவாயிலைச் சிறிதாக வைத்து, உள்ளே ஒரு கம்பிவலைத் தடுப்பும் வைப்பதால் கிவிப் பறவையின் கால் சிக்காது. முட்டையோ முயல் இறைச்சியோ இரை. ஸ்டோட்டுக்கு 200 மீட்டருக்கு ஒரு பெட்டி போதும். எலிக்கு 100 மீட்டர் இடைவெளியில் வரிசைகள், வரிசைக்குள் 50 மீட்டருக்கு ஒன்று. அதாவது ஹெக்டேருக்கு இரண்டு. ஆயிரம் ஹெக்டேர் மலைக்காட்டில் 2,000 பெட்டிகளை நடந்துபோய்த் திறந்து பார்க்க எத்தனை கால்கள் வேண்டும்?

பெட்டி தோற்பது விதை மிகும் ஆண்டில். அந்நாட்டுப் பீச் (beech) என்னும் காட்டு மரங்கள், ஒரு கோடை அதற்கு முந்தைய கோடையைவிட வெப்பமாக இருந்தால் அடுத்த ஆண்டு பூத்துத் தள்ளும். 2019இல் பெரிய அளவில் நடந்தது. கொட்டும் விதையைத் தின்று எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும். விதை தீர்ந்ததும் இரண்டும் கூடுகளைத் தேடும். பெரும்பாலான பெட்டிகள் ஒருமுறை விழுந்தால் ஆள் வந்து மறுபடி விசையேற்றும் வரை செத்த பெட்டிதான். எலிகளே அவற்றை நிரப்பிவிட, ஸ்டோட் பக்கத்தில் நடந்து போய்விடும். சுண்டெலியின் எடைக்கோ விசை விழாது. இரை மட்டும் காலி. போதாக்குறைக்கு, பெண் ஸ்டோட் குட்டி கண் திறக்கும் முன்பே கூட்டிலேயே சினைப்பட்டுவிடும். தப்பிய ஒன்று போதும், மறுபடி ஒரு கூட்டம்.

அதனால்தான் விதை மிகும் ஆண்டுகளில் ஹெலிகாப்டரிலிருந்து '1080' நச்சைத் தூவுகிறார்கள். முதலில் நச்சில்லாத தானிய உருண்டை, பழகியபின் 0.15 சதவீத நச்சு கலந்தது, ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு கிலோ. நச்சுண்ட எலியைத் தின்று ஸ்டோட்டும் சாகிறது. நாய்களுக்கு இது கொடிய நஞ்சு, கியா கிளிகளும் சில இறந்திருக்கின்றன. எதிர்ப்பு வெறும் அறியாமையல்ல. ஆனாலும் அங்கே மண்ணுக்குரிய நிலவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே என்பதால்தான் இந்த வழி அங்கே செல்லுகிறது. நம் ஊரில் யாரும் முயல வேண்டாம்.

வணிகம் இதில் நுழைவது வேறு வாசல் வழியாக. போசம் 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரோமத்துக்காகவே கொண்டுவரப்பட்டது. இன்றும் அதன் ரோமத்தை மெரினோ கம்பளியுடன் நூற்று விற்கிறார்கள். விற்பனை கூடினால் போசம் ஒழியும் என்ற நம்பிக்கை தவறு. சாலையோரத்தில், போசம் நிறைந்த காட்டில் பிடித்தால்தான் வேட்டைக்காரருக்குக் கட்டுப்படியாகும். எண்ணிக்கை குறைந்ததும் ஒரு தோலுக்கான செலவு விலையைத் தாண்டிவிடும், அவர் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார், மிஞ்சியவை குட்டி போடும். கடைசி நூறு போசங்களைப் பிடிக்கும் செலவை எந்தச் சந்தையும் தராது; அரசு நிதியில்தான் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெலிங்டன்