மகளுக்கு, சின்னத்துறையிலிருந்து

மக்களே,

இயேசுவுக்குப் புகழ். அம்மாவுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். செஷல்ஸில், கியூரியஸ் தீவில், ஒரு பெரிய ஆமை கழுத்தை நீட்டி நிற்கிறது, நீ தடவிக்கொடுக்கிறாய். பிரலினிலிருந்து படகில் போனபோது லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாயா? பக்கத்துத் தீவுதான் என்கிறான் தம்பி. பக்கமென்றாலும் கழற்றக் கூடாது. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று, கடல் முரடு. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருக்கிறேன். துறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம் ஆட்களில் கடல் எல்லை தாண்டியதாக அந்த நாட்டில் பிடிபட்டுக் கரையேறியவர்கள் உண்டு. டிக்கெட் எடுத்து இறங்கியவள் என் மகள். என்னிடமும் போன் இருக்கிறது, எனக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கலாம். அம்மாவோடு நீ பேசும்போது நான் திண்ணைக்குப் போய்விடுகிறேன், நீங்கள் தாராளமாகப் பேசட்டும் என்று.

தம்பி படித்துக் காட்டினான். அந்த ஆமைகள் அல்டாப்ரா என்ற தீவிலிருந்து கொண்டுவந்து விட்ட இனமாம். அங்கே ஒரு லட்சம் இருக்கின்றனவாம், நூறு வயதைத் தாண்டி வாழுமாம். தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், பழைய கப்பல்காரர்கள் இறைச்சிக்காக அவற்றை மல்லாத்திக் கப்பலில் அடுக்கிக் கொண்டுபோனார்களாம். மற்றத் தீவுகளில் அப்படித்தான் அழிந்தனவாம். அதோடு அவனை நிறுத்தச் சொன்னேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. வலையில் சிக்கிய கடலாமையை முற்றத்தில் மல்லாத்திப் போட்டிருந்தேன். சட்டம் தடுத்திருந்தது, தெரியும். வாங்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. நீ சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோய் அதன் வாயில் ஊற்றினாய். இரவில் அதைப் புரட்டிக் கடலில் விடப் பார்த்தாய். அடித்தேன். கடன் இருந்தது என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அது அழுகிறது அப்பா" என்றாய் நீ. அந்தக் கண்ணை நானும் பார்த்திருந்தேன். அதனால்தான் கை ஓங்கினேன், மக்களே. தப்பு என்னுடையது.

படகு கரை தட்டிய பிறகுதான் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். அந்த ஆமையின் கழுத்து தொடுவதற்கு எப்படி இருந்தது? எழுது. அம்மாவின் எண்ணுக்கே எழுதினாலும் போதும்.

அப்பா