கடலை மூடும் முன் சிறுபடகுக்காரர்களைக் கேளுங்கள்

கடல்சார் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்கும் அரசுகளுக்கும் அவற்றுக்கு எல்லை வகுக்கும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த இலக்குக்காக எல்லைகள் வேகவேகமாக வகுக்கப்படும் இந்நேரத்தில், சிறுபடகு மீனவர்கள் பாதுகாப்புக்கு எதிரானவர்கள் என்ற பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனம் பொறுக்காமல் இம்மடலை எழுதுகிறேன்.

ஓர் இடத்தைச் சிலகாலம் தொடாமல் விட்டால் மீன் பெருகும் என்பது அவர்கள் அறியாத செய்தியன்று. பிலிப்பைன்சின் ஆப்போ தீவில் ஆய்வாளர்கள் முதலில் ஊராரிடம் பொறுமையாகப் பேசினார்கள். பிறகு 1982-இல் பவளப்பாறையின் ஒரு சிறு பகுதியில் யாரும் மீன் பிடிக்காதபடி ஊராரே மூடி, முறை வைத்துக் காவலும் காத்தார்கள். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் 2004-இல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் திட்டு ஒன்றைச் சில மாதங்களுக்கு மூடினார்கள். பேய்க்கணவாய் மிக விரைவாக வளர்வதால், திறந்த அன்றே பலன் கையில் கனத்தது. அதைக் கண்ட பக்கத்து ஊர்களும் தாமாகவே முன்வந்தன. ஆனால் களவா போன்ற பாறை மீன்கள் பெருக ஆண்டுகள் பல ஆகும். அதுவரை அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கு உங்கள் திட்ட அறிக்கைகளில் நான் விடையைக் கண்டதில்லை.

ஒரு கூட்டத்தில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். அதிகாரி வரைபடத்தை விரித்தார். எல்லைக்கோடு நேராக ஓடியது. கரையிலுள்ள அடையாளங்களை வைத்தே கணியம் பார்த்து, அதாவது கடலில் இடம் குறித்து, வாழ்நாளெல்லாம் தொழில் செய்த முதியவர் ஒருவர், கோட்டுக்கு உள்ளே விரலை வைத்து, "காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் எங்கள் சின்ன வள்ளம் ஒதுங்கி வலைபோடுவது இந்தப் பாரில், இந்தக் கடலடிப் பாறைத்திட்டில்தான். இதை மூடினால் வெளிக்கடலுக்குத்தான் போக வேண்டும், அங்கே இந்த வள்ளம் தாங்குமா?" என்று கேட்டார். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பின்னர் வந்த கருத்துக்கணிப்புத் தாளில் அவர் பெயருக்கு நேரே 'எதிர்ப்பு' என்று மட்டும் இருந்தது.

அதே மனிதரிடம் ஆண்டுகள் கழித்துக் கேட்டால் விடை மாறலாம். மூடிய கடலுக்குள் இரவில் இழுவைப்படகின் விளக்கு தெரியும்போது தம் வலை மட்டும் பறிபோனால், ஆதரித்தவரும் கசந்துபோவார். எனவே மனப்பான்மையை ஒருமுறை அளந்துவிட்டுக் கோப்பை மூடுவது தவறு. கடல்நீர் வற்றும் வேளை பார்த்துத் திட்டுகளில் நடந்து சிப்பியும் கணவாயும் சேர்க்கும் பெண்களையோ பெரும்பாலான கணக்கெடுப்புகள் மீனவராகவே எண்ணுவதில்லை. மூடப்படும் கரையோரத்தை முதலில் இழப்பவர்கள் அவர்கள்தாம்.

பாதுகாக்கப்பட்ட பகுதிகளைத் திட்டமிடுவதில் சிறு மீனவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்கள் 2014-லேயே கூறிவிட்டன. ஆகவே, அரசாணை வருவதற்கு முன்பே வரைவு எல்லையைக் கரைக்குக் கொண்டு வாருங்கள். படகுகள் கடலில் இருக்கும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். அவர்கள் சொல்வதற்கேற்பக் கோட்டை வளைக்க ஆயத்தமாக வாருங்கள். மூடிய பின், ஆண்டுதோறும் மீனை எண்ணும் குழுவில் அவர்களையும் அந்தப் பெண்களையும் அமர்த்தி, கிடைக்கும் கணக்கைக் கரையிலேயே படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சிறுபடகு மீனவர் குடும்பத்தில் பிறந்த ஒருவன்